எண்ணெயின் சுத்தமே யந்திரத்தின் ஆயுள்

கண்மாய் தூர் வாரவும் கல் உடைக்கவும் கரிசல் பூமிக்கு வந்த ஹைட்ராலிக் யந்திரங்கள் வயதாகிச் சாவது அபூர்வம். பெரும்பாலும் தூசியாலும் அவசரத்தாலும் சாகின்றன.

சித்திரை பிறந்து, வைப்பாறும் அர்ச்சுனா நதியும் மணல் வெளிகளாய்க் கிடக்க, சாத்தூர், அருப்புக்கோட்டை, காரியாபட்டிப் பக்கத்துக் கண்மாய்களின் அடிமண் பாளம் பாளமாய் வெடித்திருக்கும் காலத்தில்தான் விருதுநகர் ஜில்லாவின் மண்வேலைகள் யாவும் ஒருங்கே தொடங்குகின்றன. வண்டல் அள்ளுவதும், கரையை உயர்த்துவதும், வரத்துக்கால்களைத் திறந்துவிடுவதும், உள்வாயில் அடர்ந்துவிட்ட சீமைக் கருவேலத்தை வேரோடு பறிப்பதும் ஐப்பசி மழைக்கு முன்னதாக முடிந்தாக வேண்டிய காரியங்கள். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் அளவிலேயே மழை காணும் இந்தப் பிரதேசத்தில், அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றின் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுவதால், அதற்குள் வெட்டப்படாத கண்மாய்க்கு அடுத்த வாய்ப்பு மறு வருஷந்தான்.

முன்னாளில் ஊரே திரண்டு மண்வெட்டியும் கூடையுமாய் இறங்கிச் செய்த இந்த வேலையை இன்று செய்வன, ஜே.சி.பி. என்றும் பொக்லைன் என்றும் ஹிட்டாச்சி என்றும் நம் ஜனங்கள் கம்பெனிப் பெயராலேயே அழைக்கும் ஹைட்ராலிக் யந்திரங்கள். 2017-ஆம் ஆண்டு தமிழக அரசு, ஊரார் கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்துக்குப் புத்துயிர் கொடுத்ததும், அதே வருஷம் சீமைக் கருவேலத்தை அகற்றும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும், இவற்றுக்கு இந்த ஜில்லாவில் ஓயாத வேலை கொடுத்தன. கல் குவாரியில் பாறை பிளப்பதும், நாற்கரச் சாலைக்கு மண் நிரவுவதும் இவையே. சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு ஆலை விபத்து நேர்ந்து அறைகள் இடிந்து விழும்போது, இடிபாடுகளை விலக்கித் தேடுவதற்காகத் தீயணைப்பு வீரர்களோடு கூட விரைந்து வரவழைக்கப்படுவதும் இவையே. ஆகையால் இவற்றில் ஒன்று நடுவேலையில் கையைத் தூக்க மாட்டாமல் நின்றுவிட்டால், நஷ்டம் அதன் முதலாளி ஒருவரோடு நிற்பதில்லை. ஓர் ஊரின் ஒரு வருஷத்துத் தண்ணீரும், சில சமயங்களில் ஓர் உயிரும் அதைச் சார்ந்து நிற்கின்றன.

இவ்வளவு பொறுப்பைத் தாங்கும் யந்திரத்தை நாம் எப்படிப் பராமரிக்கிறோம், பழுது வந்தால் எப்படி ஆராய்கிறோம் என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

திரவத்தின் பலம்

பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் 1653-ஆம் ஆண்டு வாக்கில் எழுதி, அவர் மறைந்த மறு வருஷமான 1663-இல் அச்சேறிய சிறு நூலொன்று, மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் குறைவின்றி எல்லாத் திசைகளிலும் பரவும் என்ற தத்துவத்தை உலகுக்குச் சொன்னது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1795-இல், ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் அந்தத் தத்துவத்தைக் கொண்டு ஹைட்ராலிக் பிரஸ்ஸைச் செய்து காப்புரிமை பெற்றார். ஆனால் பிஸ்டனைச் சுற்றித் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தவரையில் அந்த யந்திரம் உபயோகத்துக்கு வரவில்லை; அவருடைய பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே, அழுத்தம் ஏற ஏற இன்னும் இறுக்கமாகப் படியும்படியான தோல் வளையம் ஒன்றை அமைத்துக் கொடுத்த பிறகே அது பயன்பட்டது. ஹைட்ராலிக் சாஸ்திரத்தின் வெற்றி ஒரு சாதாரண சீல் வளையத்தை நம்பியிருக்கிறது என்பது இவ்வாறு அதன் பிறப்பிலேயே தெரிந்துபோயிற்று.

இந்தத் தத்துவம் நம் ஜில்லாவுக்குப் புதியதன்று. ஜின்னிங் ஆலைகளில் பஞ்சை அமுக்கி 170 கிலோ பேலாகக் கட்டும் பிரஸ்ஸும், சிவகாசி அச்சகங்களில் காகித அடுக்கை அசையாமல் பிடித்து வெட்டும் கட்டிங் மிஷினும், ஒவ்வொரு லாரியிலும் டிரைவர் சீட்டுக்குக் கீழே கிடக்கும் ஜாக்கியும் இதன் பிரயோகங்களே. மண் தோண்டும் யந்திரத்தில் இதைப் பொருத்திப் பெயர் பெற்றவர்களில் முக்கியமானவர், 1945-இல் இங்கிலாந்தில் தொழில் தொடங்கி, 1953-இல் முன்னே அள்ளும் வாளியும் பின்னே தோண்டும் கையும் கொண்ட யந்திரத்தை வெளியிட்ட ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு. அவர் கம்பெனியின் யந்திரங்கள் 1979 முதல் ஹரியானாவின் பல்லப்கரில் இந்தியக் கூட்டு முயற்சியாக உற்பத்தியாகத் தொடங்கின.

இருபது டன் எக்ஸ்கவேட்டர் ஒன்றின் எண்ணெய் ஏறக்குறைய 350 பார் அழுத்தத்தில் வேலை செய்கிறது. லாரி டயரில் நாம் ஏற்றும் காற்று 8 பார்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் உக்கிரம் விளங்கும். பன்னிரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பிஸ்டனின் முகப்பு 113 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் இந்த அழுத்தம் செயல்படும்போது எழும் விசை சுமார் 40 டன். ஒரு விரல் அசைவில் கல்மலை நகர்வதன் ரகசியம் இவ்வளவே. இந்த ரகசியத்தைக் கட்டிக் காப்பது எண்ணெய். அதுவே பலத்தைச் சுமக்கிறது, உராய்வைத் தணிக்கிறது, சூட்டை வெளியேற்றுகிறது, அழுக்கை வடிகட்டிக்குக் கொண்டு சேர்க்கிறது. அந்த எண்ணெய் கெட்டால் நான்கு காரியங்களும் ஒருசேரக் கெடுகின்றன.

கண்ணுக்குத் தெரியாத பகைவன்

ஹைட்ராலிக் பழுதுகளில் பெரும்பகுதிக்குக் காரணம் எண்ணெயில் கலந்த அழுக்கே என்பது, இத்துறையில் உலகெங்கும் அனுபவமுள்ளவர்கள் ஏகமனதாய் ஒப்புக்கொள்ளும் உண்மை. ஆனால் அந்த அழுக்கு நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். மனிதனுடைய தலைமயிர் சுமார் 70 மைக்ரான். வெறும் கண் காணக்கூடிய மிகச் சிறிய துகள் 40 மைக்ரான் அளவு. பம்பின் பிஸ்டனுக்கும் அதன் துளைக்கும் இடையிலும், கண்ட்ரோல் வால்வினுள் நகரும் தண்டான ஸ்பூலுக்கும் அதன் கூட்டுக்கும் இடையிலும் விடப்பட்டிருக்கும் இடைவெளியோ, சில மைக்ரான்களில் தொடங்கிப் பத்து இருபது மைக்ரானுக்குள் அடங்கிவிடும். ஆகவே கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்க்கும்போது பொன்னிறமாய்ப் பளபளக்கும் எண்ணெயில்கூட, பம்பைத் தின்று தீர்க்கப் போதுமான துகள்கள் மிதந்துகொண்டிருக்கலாம்.

எல்லாத் தூசியும் ஒரே மாதிரியான தூசி என்று நினைப்பதும் தவறு. பந்தல்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பறக்கும் தூசியின் பிரதானப் பொருளான கால்சைட், கடினத்தன்மையின் அளவுகோலில் 3 என்ற படியில் நிற்பது. எஃகின் முன்னே அது மிருது. கருங்கல் குவாரியில் பறக்கும் தூசியிலும் வைப்பாற்று மணலிலும் இருக்கும் குவார்ட்ஸோ 7-ஆம் படியில் நிற்பது. பதம் ஏற்றிய எஃகையும் அது கீறிவிடும். கரிசல் மண் மிக நுண்ணிய களியானதால் ஈரத்தில் சிலிண்டரின் ராடின்மேல் அப்பிக் காய்ந்து, அடுத்த அசைவில் துடைப்பு சீலின் உதட்டை உரசித் தேய்க்கிறது. ஒரே யந்திரம் இந்த மாதம் குவாரியிலும் அடுத்த மாதம் கண்மாயிலுமாக வாடகைக்குப் போவது நம் ஊர் வழக்கம். இடம் மாறும்போது பராமரிப்பின் கண்டிப்பும் மாறவேண்டும்.

இந்தப் பகைவன் உள்ளே வரும் வழிகளைத் தேடிப் பார்த்தால், அவற்றில் பாதியை நாமே திறந்து வைத்திருப்பது தெரியும். எண்ணெய்த் தொட்டியின் மூச்சுத் துளையிலுள்ள பிரீதர் மூடி உடைந்தபின் அங்கே ஒரு துணியைச் சுருட்டி அடைத்துவிடுகிறோம்; சிலிண்டர் ஒவ்வொரு முறை நீளும்போதும் தொட்டியின் எண்ணெய் மட்டம் இறங்கி வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது என்பதையும், அந்தக் காற்றோடு குவாரியின் புழுதியும் போகிறது என்பதையும் மறந்துவிடுகிறோம். தரையில் கிடந்த புனலையும், டீசல் ஊற்றிய வாளியையும் எண்ணெய் ஊற்ற எடுக்கிறோம். எண்ணெய் டிரம்மை வெட்டவெளியில் நிமிர்த்தி வைக்கிறோம். மேல்மூடியில் தேங்கும் மழைநீரை, பகலில் சூடேறி இரவில் குளிர்ந்து சுருங்கும் அந்த டிரம், மூடியின் மரை வழியாகச் சிறுகச் சிறுக உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. டிரம்மைப் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் கிடைமட்டக் கோட்டில் இருக்கும்படி திருப்பிவிட்டால் தீர்ந்துபோகும் தொல்லை இது.

ஹோஸ் மாற்றும்போது நேரும் அநியாயம் இன்னொன்று. வெடித்த ஹோஸை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடி, அதே நீளத்தில் புது ஹோஸ் வெட்டி, இரு முனையிலும் ஃபிட்டிங் அழுத்தி வாங்கி வந்து மாட்டிவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ணுகிறோம். அறுக்கும் சக்கரம் ஹோஸை வெட்டுகையில் ரப்பர்ப் பொடியும் உலோகப் பொடியும் உட்புறத்தில் ஒட்டிக்கொள்கின்றன. வெட்டிய ஹோஸின் உள்ளே சுத்தம் செய்யும் குண்டை ஊதி அனுப்பியோ, சுத்தமான எண்ணெய் விட்டு அலசியோ அதை வெளியேற்றாமல் பூட்டுவது, கசிவை நிறுத்தும் பெயரால் பம்புக்கு நஞ்சு வைப்பதற்குச் சமானம். கழற்றிய குழாய்களின் வாயைச் சுத்தமான பிளாஸ்டிக் மூடியால் அடைத்து வைப்பதற்கு ஆகும் செலவு சில ரூபாய். அதைச் செய்யாமல் விட்டதற்குப் பின்னால் ஆகும் செலவு பல லட்சம்.

எண்ணெயின் சுத்தத்தை அளக்கச் சர்வதேச முறை ஒன்று உண்டு, ஐ.எஸ்.ஓ. 4406 என்பது அதன் எண். ஒரு மில்லிலிட்டர் எண்ணெயில் 4, 6, 14 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் எத்தனை என்று எண்ணி, அதை மூன்று எண்களாகக் குறிக்கும் முறை அது. 18/16/13 என்றால், ஒரு மில்லிலிட்டரில் 4 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் 1,300 முதல் 2,500 வரை, 6 மைக்ரானுக்கு மேற்பட்டவை 320 முதல் 640 வரை, 14 மைக்ரானுக்கு மேற்பட்டவை 40 முதல் 80 வரை என்று பொருள். டிரம்மிலிருந்து வரும் புது எண்ணெயே பல சமயங்களில் இந்த அளவுக்குச் சுத்தமாக இருப்பதில்லை. ஆகையால் புது எண்ணெயையும் நுண்வடிகட்டி வழியாகவே தொட்டியில் ஏற்றவேண்டும்.

வெயிலும் எண்ணெயும்

“காலையில நல்லா இழுக்குதுண்ணே, மதியத்துக்கு மேல சோந்து போயிடுது” என்று ஆபரேட்டர் மெக்கானிக்கிடம் முறையிடுவது, கோடையில் நம் பக்கத்து ஷெட்டுகளில் அடிக்கடி கேட்கும் புகார். அந்த ஒரு வாக்கியத்திலேயே நோயின் பெயர் பாதி எழுதப்பட்டிருக்கிறது. எண்ணெய் டப்பாவின்மேல் 46 என்றும் 68 என்றும் காணும் எண்கள், 40 டிகிரி வெப்பத்தில் அதன் பாகுத்தன்மையைக் குறிப்பவை. 68 என்ற அதே எண்ணெய் 100 டிகிரியில் 8, 9 என்ற அளவுக்கு நீர்த்துவிடும். தேய்ந்த பம்பிலும் வால்விலும் உள்ள இடைவெளிகளில், காலையில் கெட்டியாய் நின்று தாக்குப்பிடித்த எண்ணெய், உச்சி வெயிலில் மெலிந்ததும் உள்ளுக்குள்ளேயே வழுகி ஓடிவிடுகிறது; வெளியே ஒரு சொட்டும் சிந்தாமலே பலம் குறைகிறது. அப்படி உள்ளே வழுகும் எண்ணெய் வேலை எதுவும் செய்யாமல் தன் சக்தி முழுவதையும் சூடாக மாற்றுவதால், சூடு கசிவை வளர்க்கக் கசிவு சூட்டை வளர்க்கும் விபரீதம் தொடங்கிவிடுகிறது.

எண்ணெய் 82 டிகிரியைத் தாண்டினால் சீல்கள் இறுகி வெடிக்கத் தொடங்கும் என்பதும், வெப்பம் 10 டிகிரி கூடினால் எண்ணெயின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பதும் இத்துறையில் கைக்கணக்காகக் கொள்ளும் விதிகள். 40 டிகிரி வெயிலில் வேலை செய்யும் யந்திரத்துக்கு ஆயில் கூலர்தான் பிராணன். கருவேலங்காட்டில் வேலை செய்த யந்திரத்தின் கூலரைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த மரத்தின் பொடி இலையும் பூவும் புழுதியும் சேர்ந்து அதன் தகடுகளுக்கு இடையே மெத்தை போட்டிருக்கும். தினந்தோறும் வேலை முடிந்ததும் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகக் காற்றடித்து அதைச் சுத்தம் செய்வது பத்து நிமிஷ வேலை.

ஸ்பானரை எடுப்பதற்கு முன்

யந்திரம் நின்றதும் முதலில் கைக்கு வருவது ஸ்பானராக இருப்பதுதான் நம்மிடையே வளர்ந்துவிட்ட பெருங்குறை. தூக்கும் கையான பூம் தானாக இறங்கினால் “சீல் போயிடுச்சு அண்ணாச்சி” என்றும், எல்லாக் கையும் சோர்ந்தால் “பம்பு போயிடுச்சு” என்றும் பரீட்சையின்றித் தீர்ப்புக் கூறி, பல லட்சம் பெறும் பம்பைக் கழற்றி மாற்றிய பிறகு, அழுத்தம் மிஞ்சாமல் காக்கும் ரிலீஃப் வால்வின் இருக்கையில் மாட்டிக்கொண்ட ஒரு சிறு உலோகத் துணுக்கே குற்றவாளி என்று அறியும் அவலம் நேராமல் இருக்கவேண்டுமானால், பழுதை ஆராய்வதற்கு ஒரு கிரமம் வேண்டும்.

முதலில் கேள்வி. எல்லா அசைவுகளும் மெதுவாகின்றனவா, அல்லது ஒன்று மட்டுமா? எல்லாம் என்றால், எல்லாவற்றுக்கும் பொதுவான எண்ணெய் மட்டம், உறிஞ்சுகுழாய், பம்பு, பிரதான ரிலீஃப் வால்வு ஆகியவற்றில் தேடவேண்டும். ஒன்று மட்டும் என்றால், அந்தக் கைக்குரிய ஸ்பூல், அதன் போர்ட் ரிலீஃப் வால்வு, அந்தச் சிலிண்டர் ஆகிய மூன்றுக்குள் குற்றம் அடங்கிவிடுகிறது. பம்பைத் தொடவே அவசியமில்லை. பழுது திடீரென்று வந்ததா, நாளாக நாளாக வளர்ந்ததா? திடீரென்று வந்தது பெரும்பாலும் எதுவோ சிக்கியதாலோ உடைந்ததாலோ வந்தது. மெள்ள வளர்ந்தது தேய்மானத்தால் வந்தது. கடைசியாக எந்தப் பாகத்தைக் கழற்றி மாட்டினோம் என்ற கேள்வியோ, பாதிப் பழுதுகளின் முகவரியைச் சொல்லிவிடும்.

அடுத்தது காதும் கண்ணும். எண்ணெய் போதாமல் பட்டினி கிடக்கும் பம்பு, உள்ளே சரளைக்கல் உருளுவதுபோல் கரகரக்கும். உறிஞ்சுவழியின் வடிகட்டி அடைத்திருக்கலாம், அல்லது உறிஞ்சு ஹோஸின் உட்சுவர் பிய்ந்து மடங்கியிருக்கலாம். உறிஞ்சுவழியில் கிளாம்ப் தளர்ந்து காற்றைக் குடிக்கும் பம்பு வேறுவிதமாய் முனகும். தொட்டியில் நுரை ததும்பும். கை அசைவுகள் துள்ளித் துள்ளி வரும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துச் சற்று நேரம் வைக்கவேண்டும்: தானே தெளிந்தால் கலந்தது காற்று, தெளியாவிட்டால் தண்ணீர். சூடான தகட்டின்மேல் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால், தண்ணீர் கலந்த எண்ணெய் படபடவென்று பொரியும். பழைய வடிகட்டியை அறுத்து விரித்துப் பார்ப்பதும் உத்தமமான பரீட்சை: பித்தளை நிறத் துகள் பம்பின் பிஸ்டன் செருப்புகளிலிருந்தும் தட்டுகளிலிருந்தும் வருவது, கருப்பு ரப்பர்த் துணுக்கு சீலிலிருந்தோ ஹோஸிலிருந்தோ வருவது, பளிச்சிடும் எஃகுப் பொடி தேய்மானத்தின் தந்தி.

அதன் பிறகே அளவுக் கருவி. ஒவ்வொரு யந்திரத்திலும் அழுத்தம் அளப்பதற்கென்று தனி முனை வைத்தே அனுப்புகிறார்கள். அங்கே கேஜை மாட்டி, எண்ணெய் வேலைச் சூட்டுக்கு வந்தபின் பார்த்தால், கையேட்டில் சொன்ன அழுத்தம் வருகிறதா என்பது ஐயமறத் தெரிந்துவிடும். பம்பின் கூட்டிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் மெல்லிய குழாயில் ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு எண்ணெய் வருகிறது என்று அளந்தால், பம்பைப் பிரிக்காமலே அதன் தேய்மானத்தை மதிப்பிடலாம். கேஜ் இல்லாத இடத்தில் ரிலீஃப் வால்வின் திருகை இறுக்கிப் பலம் வரவழைக்கும் வழக்கம் மிக அபாயமானது. தேய்ந்த பம்புக்கு அது பலம் தராது, நல்ல பம்பாயிருந்தால் ஹோஸையோ சிலிண்டரையோ வெடிக்கச் செய்துவிடும்.

பூம் இறங்கும் நோயைப் பற்றி ஒரு வார்த்தை தனியே சொல்லத் தக்கது. பிஸ்டன் சீல் தேய்ந்ததே காரணம் என்று பலரும் உடனே நினைக்கிறார்கள். ஆனால் கண்ட்ரோல் வால்வு இரு பக்க வழியையும் முற்றிலும் அடைத்திருக்குமானால், சீல் தேய்ந்த சிலிண்டர்கூடப் பாரத்தின் அடியில் அதிகம் இறங்க முடியாது. ஏனென்றால் ராடு உள்ளே புகவேண்டுமானால் அதன் கன அளவுள்ள எண்ணெய் எங்கேனும் வெளியேறியாக வேண்டும், வெளியேற வழியில்லை. ஆகவே இறங்கும் பூம் நம்மை முதலில் அனுப்பவேண்டிய இடம் வால்வு. சீலைத் தனியே பரீட்சிக்கவும் வழி உண்டு: பூமைத் தரையில் முழுவதும் படுக்கவைத்து அழுத்தத்தை நீக்கிய பின், பிஸ்டனின் அடிப்பக்கத்து ஹோஸைக் கழற்றி, யந்திரத்தின் பக்கத்துக் குழாய்வாயை அடைத்துவிட்டு, ராடுப் பக்கத்துக்கு மட்டும் அழுத்தம் கொடுத்தால், திறந்த வாயில் எண்ணெய் தொடர்ந்து வழிகிறதா என்பது பிரத்தியட்சமாய்த் தெரியும். வழிந்தால் சீல், வழியாவிட்டால் வால்வு. ஒரு மணி நேரத்துப் பரீட்சை, ஒரு வாரத்து வீண்வேலையைத் தவிர்க்கிறது.

ஊசித்துளையில் ஒளிந்த எமன்

ஹைட்ராலிக் வேலையில் கைதேர்ந்தவர்கள்கூட அலட்சியம் செய்யும் ஓர் அபாயம் உண்டு. ஹோஸில் ஊசிமுனை அளவு துளை விழுந்தால், அதிலிருந்து சீறும் எண்ணெய் கண்ணுக்கே தெரியாத இழையாகப் பாய்ந்து, கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளி. முதலில் வலிகூட அதிகமிராது. ஆனால் உள்ளே புகுந்த எண்ணெய் தசையையும் நரம்பையும் அழித்து, சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ எடுக்கவேண்டிய நிலைக்குக் கொண்டுவிடும். கசிவைத் தேட ஒருபோதும் கையால் தடவக் கூடாது. ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்கவேண்டும். அப்படி ஒரு குத்து விழுந்துவிட்டால், வலி வரட்டும் என்று காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், “அழுத்தத்தில் இருந்த எண்ணெய் தோலுக்குள் புகுந்துவிட்டது” என்று டாக்டரிடம் தெளிவாய்ச் சொல்லவேண்டும்.

எந்த நட்டையும் தளர்த்துவதற்கு முன், வாளியைத் தரையில் ஊன்றி, எஞ்சினை நிறுத்தி, லிவர்களை எல்லாப் பக்கமும் அசைத்து மிச்ச அழுத்தத்தைப் போக்கிவிட வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டதாலேயே அழுத்தம் போய்விட்டதென்று எண்ணக் கூடாது. தூக்கிய பூமின் பாரம் முழுவதும் சிலிண்டருக்குள் அடைபட்ட எண்ணெயின்மேல் நின்றுகொண்டிருக்கும். முட்டுக் கொடுக்காத பூமின் அடியில் எவரும், ஒரு நிமிஷத்துக்குக்கூட, நுழையக் கூடாது. சைலன்ஸருக்குப் பக்கத்தில் கசியும் ஹோஸ் தீக்கு வழி. வெடிமருந்துக் கிட்டங்கிகளும் தீப்பெட்டி ஆலைகளும் நிறைந்த ஒரு வட்டாரத்தில் அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது மன்னிக்கத் தகாத குற்றம்.

யந்திரத்துக்கும் ஒரு பேரேடு

பருத்தியிலும் பருப்பிலும் எண்ணெயிலும் வியாபாரம் வளர்த்த விருதுநகர், கணக்கில் கண்டிப்புக்குப் பெயர் பெற்ற ஊர். ஒரு மூட்டை மல்லியின் கொள்முதலையும் விற்பனையையும் பேரேட்டில் ஏற்றாமல் படுக்கைக்குப் போகாத நம் வியாபாரிகளின் மரபு, பல லட்சம் கடன் வாங்கித் தவணை கட்டும் ஒரு யந்திரத்தின் விஷயத்தில் மட்டும் கைவிடப்பட்டிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது. எத்தனை மணி ஓடியது, எந்த எண்ணெய் ஊற்றப்பட்டது, வடிகட்டி என்று மாறியது, எந்த ஹோஸ் எங்கே வெடித்தது என்ற நான்கு விவரங்களை எழுதும் நாற்பது பக்க நோட்டு ஒன்று கேபினில் இருந்தால், பழுது ஆராயும் வேலையில் பாதி முடிந்துவிடும். ஒரே ஹோஸ் ஒரு வருஷத்தில் மூன்று முறை வெடித்திருந்தால் குற்றம் ஹோஸின்மேல் இல்லை, அது உராயும் இடத்திலோ முறுகிப் பூட்டியதிலோ இருக்கிறது என்பதை ஞாபகம் சொல்லாது, நோட்டு சொல்லும்.

கையேடுகள் சாதாரண வேலைக்கு ரிட்டர்ன் ஃபில்ட்டரை 500 மணிக்கு ஒருமுறையும், எண்ணெயை 2,000 மணியிலும் அதற்கு மேலும் மாற்றச் சொல்வது வழக்கம். ஆனால் நாள் முழுதும் பாறை பிளக்கும் உளியான பிரேக்கர் அடிக்கும் யந்திரத்துக்கு எண்ணெயை 600 மணியிலும் வடிகட்டியை 100 மணியிலும் மாற்றச் சொல்லும் கையேடுகள் உண்டு. பாறையின் அதிர்வும் உளியின் ஓரத்தில் புகும் கல்பொடியும் எண்ணெயை அத்தனை விரைவில் கெடுக்கின்றன. தினம் எட்டு மணி ஓடினால் 100 மணி என்பது இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும். குவாரியில் பிரேக்கர் ஓட்டிக்கொண்டே கண்மாய்க் கணக்கில் எண்ணெய் மாற்றுபவர்கள், தங்கள் பம்பைத் தாங்களே அடகு வைக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கழித்த எண்ணெயைப் பற்றியும் சொல்லாமல் விடுவதற்கில்லை. கண்மாய்க்குள்ளேயே யந்திரத்தைப் பிரித்து, பழைய எண்ணெயை அங்கேயே கவிழ்த்துவிட்டுப் போவதைப் பார்க்க நேரிடுகிறது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி உபயோகித்த எண்ணெய் அபாயகரக் கழிவு. அங்கீகாரம் பெற்றவர்களிடமே அதைச் சேர்க்கவேண்டும். தண்ணீரைத் தேக்குவதற்காக வந்த யந்திரம், அந்தத் தண்ணீருக்கு நஞ்சு விட்டுப் போவதை எந்த ஊரும் அனுமதிக்கக் கூடாது.

யந்திரத்தைப் பராமரித்துப் பழுது பார்க்கும் இந்தக் கைத்தொழிலை யார் கற்றுக் கொடுப்பது? இன்றைக்கு நம் பக்கத்து மெக்கானிக்குகள் பெரும்பாலும் சிறு வயதில் ஷெட்டில் சேர்ந்து, மூத்த மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று, காதாலும் கையாலும் கற்றவர்கள். அவர்களுடைய சாமர்த்தியம் பெரிது. ஓடும் பம்பின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் காது பல பட்டதாரிகளுக்கு வாய்க்காதது. ஆனால் அவர்களிடம் கேஜ் இல்லை, சர்க்யூட் படத்தைப் படிக்கும் பயிற்சி இல்லை, எண்ணெயைப் பரீட்சிக்க அருகில் இடமில்லை. மறுபுறத்தில், விருதுநகரில் வெள்ளைச்சாமி நாடார் பாலிடெக்னிக்கும், அதையடுத்துக் காமராஜ் பொறியியல் கல்லூரியும், சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க் கல்லூரியும், கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகமும், இவற்றோடு அரசு தொழிற்பயிற்சி நிலையங்களும் இதே வட்டாரத்தில் இருக்கின்றன. ஒரு பக்கம் காது. மறு பக்கம் கருவி. இரண்டும் சந்திக்காமல் இருப்பதற்கு நியாயமே கிடையாது.

1923-ஆம் ஆண்டு வாக்கில் சிவகாசியிலிருந்து சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய பிறகே இந்த வறண்ட பூமியின் ஜாதகம் மாறியது. தெரியாத தொழிலைத் தேடிப் போய்க் கற்ற இந்த வட்டாரத்தின் பிள்ளைகள், இன்று தங்கள் வாசலுக்கே வந்துவிட்ட யந்திரத்தின் சாஸ்திரத்தைக் கற்கக் கல்கத்தா வரைக்கும் போகவேண்டியதில்லை.

ஆகையால் என் விண்ணப்பங்கள் மூன்று. யந்திர முதலாளிகளே, ஆபரேட்டர் “சத்தம் சரியில்லை அண்ணாச்சி” என்று சொல்லி யந்திரத்தை நிறுத்தினால் அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அந்த ஒரு மணி வாடகையை இழப்பது, அந்தப் பம்பைக் காப்பாற்றுவதற்கு நீங்கள் கொடுக்கும் மிக மலிவான விலை. கல்லூரி நிர்வாகிகளே, உங்கள் ஆய்வுக்கூடத்தில் எண்ணெயின் துகளையும் நீரையும் பாகுத்தன்மையையும் அளந்து சொல்லும் ஒரு மேஜையைத் திறந்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மெக்கானிக்குகளை அழைத்து, அவர்களிடம் கற்றுக்கொண்டும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தும் பாருங்கள். ஆபரேட்டர் தம்பிகளே, காலையில் சாவி போடுவதற்கு முன் ஐந்து நிமிஷம் யந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எண்ணெய் மட்டத்தையும் ஹோஸ்களையும் ராடுகளையும் பிரீதர் மூடியையும் பார்த்துவிட்டு, அன்றைய மணிக்கணக்கை நோட்டில் எழுதுங்கள். இந்தக் கோடையிலேயே இதைத் தொடங்கிவிட்டால், வரும் ஐப்பசிக்குள் நம் கண்மாய்கள் வெட்டி முடிந்திருக்கும்.